படத்துக்கு வெளியே ஒரு வாளி

என் வீட்டு ராணியம்மா டிவோங்கேவுக்கு, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கும்போ வணங்கி எழுதுவது. உன் முட்டி வலி எப்படியிருக்கிறது? நான் நலம். தொப்பை என்னைவிட நலம்.

குடும்பப் படம் ஒன்றை எடுத்து, அதில் எது காட்டப்படவில்லை என்று எழுதும்படி நம் டெம்வாவின் ஊடக வகுப்பில் சொன்னார்கள் அல்லவா? நான் வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"அப்பா, பேன்ட் ஏன் முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு?"

"இங்க மழைம்மா."

"சட்டை மட்டும் காஞ்சிருக்கே?"

"பெரிய போலீஸ்காரி! முதல்ல உன் வாத்தியார் மண்டையில என்ன இருக்குன்னு கண்டுபிடி, போ!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

நான் கார் கழுவுகிறவன் என்பது உனக்குத் தெரியும். அவளிடம் டிரைவர் என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறோம்? வாளியைக் காலால் தள்ளிவிட்டுத்தான் அந்தப் படத்துக்கு நின்றேன்.

கடைசியில் உன் தம்பி யோனாவின் சைக்கிள் படத்தைத்தான் வகுப்பில் கொடுத்தாள் என்றாய். அவளுக்குப் புரிந்துவிட்டது, டிவோங்கே. என் மானத்தைக் காப்பாற்ற என்னையே மறைத்துவிட்டாள். அவள் கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இதோடு வாளியும் கையுமாக நிற்கும் படம் வைத்திருக்கிறேன். மார்க் போட்டு முடித்திருப்பார்கள். இருந்தாலும் அவளிடம் கொடு.

கொஞ்சம் உசிபா கருவாடு அனுப்பு. என்னைப் பற்றி எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்த பக்கம் அவள் நோட்டில் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி அனுப்பு. இங்கிலீஷில் இருந்தாலும் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் கும்போ