கண்வலிப் பூ

அக்டோபர் 14, செவ்வாய்

தூறல். விறகுக்கு மலையடிக் காட்டுக்குப் போனேன், வெறுங்கையோடு வந்தேன். ஓடைக்கரைப் புதர் முழுக்கத் தோண்டிக் கிடக்கிறது. கண்வலிப் பூ ஒன்றுகூட இல்லை. கிழங்கோடு பிடுங்கியிருக்கிறார்கள். பாதி ஒடிந்து சேற்றில். முளை ஒடிந்த கிழங்கு இனி எழுந்திருக்காது. பன்றி என்று நினைத்தேன். மண்ணில் கடப்பாரைத் தடம். பன்றிக்குக் கடப்பாரை ஏது.

புதன்

வெயில். சித்தூர்ச் சந்தை. உப்பு, புளி, மிளகாய்.

யாரென்று தெரிந்தது. உபதேசியார் மனைவி ஞானம்மாள், நம் சபைப் பெண்களோடு. அறுப்பின் பண்டிகைக்கு வேதக்கோயில் ஜோடிக்கப் பூ, வாசல் தொட்டிக்குக் கிழங்கு. போதவில்லையாம். சனிக்கிழமை மேல்பாறைக்கும் போகிறார்களாம். அங்கே மட்டும்தான் மிச்சம்.

வேண்டாம் என்றேன். நான் எப்போதும் கேலி பேசுகிறவள், இதற்கும் சிரித்தார்கள். ஞானம்மாள் சொன்னாள்:

"பார்த்தா கண்ணு வலிக்கும்னு சும்மா பயந்துக்கினு இருந்தீங்க. அதெல்லாம் அஞ்ஞானம் அக்கா."

அஞ்ஞானமாம். அதுதானடி இத்தனை காலமும் அந்தப் பூவுக்கு வேலி.

வியாழன்

தூக்கமில்லை. சின்ன வயதில் நைனாவோடு விறகுக்குப் போவேன். அந்தப் புதர் வந்ததும் என் கண்ணைப் பொத்திக்கொண்டு நடப்பார். விரல் இடுக்கில் பார்ப்பேன். சிவப்பு, அடியில் மஞ்சள், நெருப்பு மாதிரி நெளிந்து. கண் வலிக்கவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் பறிப்பார்கள் என்று அப்போதே தெரியும்.

வீட்டுக்காரர் கேட்கிறார்: "ஒரு பூவுக்கா சோறு துன்னாம கீற?"

ஆமாம். பூவுக்குத்தான்.

வெள்ளி

மேகம். சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். மிளகாய் கிள்ளின விரலால் இரண்டு கண்ணையும் தேய்த்துக்கொண்டு போனேன். உயிர் போய்விட்டது. கண்ணீர் தாரை தாரையாக. பாட்டு நின்றது. என்ன ஆச்சு என்றார்கள்.

"மேல்பாறைல அந்தப் பூவையே பார்த்துக்கினு நின்னேன். வேற ஒண்ணுமில்ல."

நான் அழுது இவர்கள் பார்த்ததில்லை. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

தூசியாக இருக்கும் என்றாள் ஞானம்மாள். சொல்லிக்கொண்டே வலது கண்ணைக் கசக்கினாள்.

சனி

பனி. மேல்பாறைக்கு ஒருத்தியும் போகவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் என் வாசலில் அவர்களுடைய தொட்டிகள், கிழங்கோடு. மேலே ஈரத்துணி மூடியிருக்கிறது, யார் கண்ணிலும் படாமல்.

ஒடிந்ததை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. கடப்பாரை எடுத்து வைத்தேன், திரும்ப நடவேண்டும். கண் இன்னும் எரிகிறது. சந்தைக்காரன் நல்ல மிளகாய்தான் கொடுத்திருக்கிறான்.