பதின்மூன்று ஞாயிறு

பிப்ரவரி 20, திங்கள்

ஹானர்ஸ் வகுப்பு தொடங்கி ஒரு வாரம். பட்டம் வாங்கியதோடு நிறுத்தாமல் இன்னொரு வருடம் உளவியலைக் கட்டிக்கொண்டு அழ வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். தேநீர் சிந்தினால்கூட "உனக்குள்ள ஏதோ கோபம் இருக்கு" என்கிறார்கள். ஜன்னல் திறந்திருந்தது, காற்று அடித்தது, கப் சாய்ந்தது. தென்னாப்பிரிக்காவிலேயே காற்றுக்குப் பேர்போன போர்ட் எலிசபெத்தில் அது தினமும் நடப்பதுதானே? அன்னெகே என்றொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எப்படி இருக்க செர்னெல்? நிஜமா எப்படி இருக்க?" என்றாள். என் பெயரைத் தவிர அவளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையை உருவிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா மறுபடி கேட்டாள். "இந்த வருஷம் முடிஞ்சா டாக்டரா?"

"இல்லம்மா."

"நர்ஸா?"

"இல்லம்மா."

"பின்ன என்னதான்டி ஆவ?"

டயர் கடைக் கறுப்பு போகாத கையோடு தம்பி எல்ரோய் குறுக்கே வந்தான். "மத்தவங்க அழறதைக் கேட்டுக்கிட்டே மணி பார்க்கிற வேலைம்மா அது."

சிரித்துவிட்டேன். சரியாகத்தான் சொன்னான்.

மார்ச் 14, செவ்வாய்

இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று இன்று ஒரு மணி நேரம் விளக்கம். எங்கள் ஒருங்கிணைப்பாளர் டாக்டர் வெர்மாக் பலகையில் இரண்டு எண் எழுதினார். 300. 8. முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்கள் முந்நூறு, இடம் எட்டு. அந்த எட்டுக்குள் போகாதவன் தன்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மற்றவர்களுக்கு? ஆலோசகர் பதிவு, ஆள் எடுக்கும் அலுவலகம், கால் சென்டர். கார்த் தொழிற்சாலையில் வேலைக்கு வருபவர்களுக்குத் தேர்வு வைக்கும் பழைய மாணவி ஒருத்தி பேச வந்திருந்தாள். நாளுக்கு அறுபது பேரிடம் கட்டைகளைப் பொருத்தச் சொல்லிக் கடிகாரம் பார்க்கிறாளாம். எல்ரோய் சொன்ன வேலை, அழுகை மட்டும் இல்லை.

விண்ணப்பத்தோடு மூன்று பக்கத்தில் தன் கதை எழுத வேண்டும். 'உங்களை இங்கே அழைத்து வந்தது எது?' ஒரு காயமாவது இல்லாமல் உள்ளே போக முடியாது என்கிறார்கள் சீனியர்கள். ஆறிய காயமாக இருக்க வேண்டும், ஆனால் தழும்பு தெரிய வேண்டுமாம். இதைச் சமையல் குறிப்பு போல ஒருத்தி எழுதிக்கொண்டாள்!

பக்கத்தில் இருந்த ஸியாண்டா என் காதில், "எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கடி. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். இந்த வகுப்பில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

ஏப்ரல் 7, புனித வெள்ளி

வினிகரில் ஊறிய மஞ்சள் மீன், வெங்காயம், ரொட்டி. வருடா வருடம் இதே. அம்மா தட்டில் போட்டுக்கொண்டே, "அந்த வருஷம் ஈஸ்டருக்கு இவன் அங்க இருந்தான். ரெண்டு துண்டு டப்பாவுல கொண்டுபோனேன். வார்டு பூரா வினிகர் வாசனை, நர்ஸம்மா திட்டித் தீர்த்துட்டா" என்றாள். எல்ரோய் சிரித்தான். நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாகிறது. அப்போது எல்ரோய்க்குப் பத்தொன்பது வயது. தெருவில் 'டிக்' என்று விற்கும் அந்தப் பொடி தலைக்கேறி, சுவருக்குள் ஆள் இருப்பதாகச் சொல்லி, கால்சட்டை நனைந்து, வாயில் எச்சில் வழிய, என் மேல் துப்பினான். மூன்று மாதம் மனநல ஆஸ்பத்திரியில். பார்வையாளர் நேரம் ஞாயிறு மட்டும், இரண்டு முதல் நான்கு வரை. பதின்மூன்று ஞாயிறு. அம்மா இரண்டு வேன் மாறிப் போனாள், ஒன்றுகூட விடவில்லை. நான் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. பாடம் இருக்கிறது என்றேன். பாடம் இருந்தது உண்மைதான். பிறழ்நிலை உளவியல். எண்பத்திரண்டு மார்க் வாங்கினேன்.

பாடம் காரணமில்லை. அருவருப்பு. அவன் வாசனை, அவன் வாய். என் தம்பியைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுதிவிட்டேன். போதும்.

மே 24, புதன்

மூன்று பக்கம் எழுதியாயிற்று.

முதலில் உண்மையை எழுதினேன். படித்துப் பார்த்தேன். இப்படிப்பட்டவளை எவன் எடுப்பான்? அழித்தேன். பிறகு, 'ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவும் நானும்' என்று ஒரு வரி தானாக வந்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை. வேன், கேட், கையெழுத்துப் புத்தகம், வினிகர் வாசனை — எல்லாம் அம்மா சொன்னது, எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவன் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என் வழி எது என்று எனக்குத் தெரிந்ததாம். சீ.

நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல். ரொம்ப நன்றாக இருக்கிறது.

மே 29, திங்கள்

சான்றிதழ் நகல்களுக்கு எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்க வேண்டும். டயர் கடைக்குப் பக்கத்துக் கட்டடம்தான். எல்ரோயிடம் உறையைக் கொடுத்தனுப்பினேன். மதியம்தான் உறைத்தது. அந்த மூன்று பக்கமும் அதே உறைக்குள்!

மாலை ஆறு மணிக்கு மின்வெட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உறையை மேசைமேல் வைத்தான். அங்கிருந்த போலீஸ்காரர் எதையும் பார்க்காமல் கையில் கிடைத்ததற்கெல்லாம் குத்தியிருக்கிறார். என் மூன்று பக்கத்திலும் ஊதா முத்திரை. 'மூலத்தின் உண்மையான நகல் எனச் சான்றளிக்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி.

"ரெண்டு மணி நேரம் க்யூ" என்றான் எல்ரோய். "சும்மா நிக்கிறதுக்குப் படிச்சேன்."

நான் தாள்களை உறைக்குள் திணித்தேன்.

"நீயும் வந்தியாக்கா? எனக்கு அந்த மூணு மாசம் ஒண்ணுமே ஞாபகமில்ல. ஊசி போட்டுப் போட்டு..." கழுத்தைச் சொறிந்துகொண்டான். "தேங்க்ஸ்க்கா."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

மே 31, புதன்

வேறு பிரதி எடுத்து அனுப்பிவிட்டேன். முத்திரை குத்தியது என் இழுப்பறையில். கிழிக்க மனம் வரவில்லை. ஏன்?

ஜூன் 18, ஞாயிறு

எல்ரோய் காலையில் எனக்கு ரூய்போஸ் டீ போட்டுக் கொண்டுவந்து வைக்கிறான். நேற்று சாக்லேட். கடை முதலாளியிடம், "எங்கக்கா ஒரு ஞாயிறு விடாம வந்தவ" என்றானாம். அவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். என் தோலை உரித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

பாத்திரம் கழுவும்போது அம்மா மெதுவாக, "நான் அவன்கிட்ட சொல்லமாட்டேன்" என்றாள்.

"எதை?"

"சும்மா இருடி. அது உன் வேலை."

ஜூலை 9, ஞாயிறு

இன்று சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருபத்து நான்கு பேர். ஸியாண்டாவுக்கு வரவில்லை. தன் மூன்று பக்கத்தில், தான் சந்தோஷமாக வளர்ந்ததாக உண்மையை எழுதியிருந்தாள். "கட்டையும் கடிகாரமும்தான் எனக்குன்னு எழுதியிருக்கு போல" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பொய் உள்ளே போகிறது, உண்மை வெளியே நிற்கிறது. என்ன படிப்பு இது!

ஆகஸ்ட் 18, வெள்ளி

நேர்முகம் முடிந்தது. ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் எட்டு எட்டுப் பேராக வட்டம். ஒவ்வொருவரும் 'உங்களை உடைத்த ஒரு தருணம்' சொல்ல வேண்டும். ஐந்து பேர் சுவரோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுச் சந்தையில்கூடப் பல்லை மட்டும்தான் பார்ப்பார்கள். அன்னெகே அம்மாவின் புற்றுநோயைச் சொன்னாள். சரியான இடத்தில் நிறுத்தினாள், சரியான இடத்தில் ஒரு சொட்டு விட்டாள். அது உண்மை நோய், அவள் அம்மா உண்மையில் செத்தவள், எனக்கு அதுகூடத் தெரியும். இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் முறை வந்தது. வேன், கேட், வினிகர். நானும் சரியான இடத்தில் நிறுத்தினேன்.

மதியம் தனியாக உள்ளே. வெர்மாக்கும் இன்னும் நால்வரும். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என் கட்டுரையைப் புரட்டிவிட்டு, "அந்த ஞாயித்துக்கிழமைல நீங்க எங்க உக்காருவீங்க? கட்டில்லயா, நாற்காலியிலயா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அம்மா அதை மட்டும் சொன்னதே இல்லை.

"நான் போகல" என்றேன். "ஒரு தடவைகூடப் போகல. என் தம்பியைப் பார்த்தா எனக்கு அருவருப்பா இருந்துச்சு. எங்கம்மா போனாங்க. நான் எழுதினது பொய்."

உள்ளே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். வெர்மாக் ஏதோ எழுதினார். வெளியே வந்து முதல் வேனில் ஏறினேன்.

தொலைந்தது. நல்லதுதான். தொலையட்டும்.

செப்டம்பர் 22, வெள்ளி

எடுத்துவிட்டார்கள்.

எட்டில் ஒருத்தி நான். கடிதத்தை நான்கு முறை படித்தேன். நடைவழியில் வெர்மாக் என் தோளில் கை வைத்தார். "கட்டுரைக்காக இல்லம்மா. நாற்காலி கேள்விக்கு நீ சொன்ன பதிலுக்காக. அந்த நேர்மை லேசுல வராது. ரெண்டு பேருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

கலங்கிற்றாம்! பொய் சொன்னேன், உள்ளே விட்டார்கள். உண்மையைச் சொன்னேன், அதற்கும் மார்க் போட்டார்கள். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் கடை. கொடுத்தது என் தம்பியை.

வீட்டில் அம்மா அழுதாள். எல்ரோய் என்னைத் தூக்கிச் சுற்றினான். டயர் வாசனை. பிடித்திருந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கொல்லையில் இறைச்சி சுட நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான். அம்மா இன்னும் சர்ச்சிலிருந்து வரவில்லை. நின்றபடியே சொன்னேன். வரவே இல்லை, எழுதியது பொய், உன்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அவன் குச்சியால் கரியைத் தள்ளிக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"வாய்தான் கோணிக்கிட்டு இருந்துச்சு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பதிமூணு ஞாயிறும் கதவைப் பார்த்துதான் உக்காந்திருந்தேன்."

"ஞாபகமில்லன்னு சொன்னியே? பின்ன ஏன்டா தேங்க்ஸ் சொன்ன?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். நாலு மாசம் ரூய்போஸ் போட்டுக் குடுத்துப் பார்த்தேன்." முதல் முறையாக என்னைப் பார்த்தான். "என்கிட்டதான் முதல்ல சொல்றியா?"

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

"இல்ல. அங்க. நேர்முகத்துல."

"எத்தனை பேரு?"

"அஞ்சு."

"உள்ள போயி எவ்வளவு நேரத்துல சொன்ன?"

"பத்து நிமிஷம்."

தலையை ஆட்டினான். நெருப்பின்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனான். இறைச்சி அப்படியே கிடந்தது.

அக்டோபர் 14, சனி

எல்ரோய் போய்விட்டான். முதலாளி வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. மெத்தையை வேனில் ஏற்றும்போது நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "வேணாம்" என்றான்.

அக்டோபர் 16, திங்கள்

இடத்தை ஏற்றுக்கொள்ள இன்று கடைசி நாள். வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று காலையெல்லாம் யோசித்தேன். எழுதினால் அதையும் ஒரு நல்ல கதையாக எங்காவது சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஏற்றுக்கொண்டேன்.

இழுப்பறையிலிருந்த முத்திரைத் தாள்களை இன்னும் கிழிக்கவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் மாவு பிசைந்து ஃபெட்குக் பொரித்தேன், உள்ளே கொத்துக்கறி. பாதி கருகிற்று. இரண்டு வேன் மாறிப் போனேன். இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ ஓடியது. திறக்கவில்லை. நான்கு மணிக்குத் திரும்பினேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

திறந்தான். டப்பாவை வாங்கினான். மூடினான்.

நவம்பர் 5, ஞாயிறு

மழை. திறக்கவில்லை. டப்பாவை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். இதையெல்லாம் செய்து நான் எதைக் காட்டப் பார்க்கிறேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. இருந்தாலும் நான்கு வரை நின்றேன்.

நவம்பர் 8, புதன்

கடைசித் தேர்வு முடிந்தது. வெர்மாக்கிடமிருந்து மின்னஞ்சல்: பிப்ரவரிக்குள் புதிய எட்டுப் பேரும் மறுபடி தங்கள் கதையை எழுத வேண்டும், இரண்டு பக்கம். இன்றே எழுதி அனுப்பிவிட்டேன். அதில் தம்பி இல்லை. சப்பென்று இருக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

உள்ளே எட்டிப் பார்க்கவிட்டான். "போன வாரம் உப்பு ஜாஸ்தி" என்றான். மூடினான்.

நவம்பர் 19, ஞாயிறு

கதவு திறந்தே இருந்தது. வாசலில் நின்று ஒரு பள்ளிக்கூட நோட்டையும் பேனாவையும் நீட்டினான்.

"என்னடா இது?"

"பேரு, வந்த நேரம், உறவு. அங்க அப்படித்தான். எழுதாம உள்ள விடமாட்டாங்க."

எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதும்போது பார்த்துக்கொண்டே இருந்தான்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்றேன். "நாற்காலி" என்றான். அம்மா அங்கே நாற்காலியில்தான் உட்கார்ந்தாளாம். கட்டிலில் உட்கார விடமாட்டார்களாம். அவன் ஐந்து ஃபெட்குக் தின்றான். வாயோரம் கொழுப்பு வழிந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

சரியாக நான்கு மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எல்ரோய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து நிமிஷம் இருந்துட்டுப் போ" என்றான்.

உட்கார்ந்தேன்.