கணுக்காலுக்குக் கீழே வெட்டிய ஷூ

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். என் முழங்கால்கூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. நீ நல்லபடியாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த முசுட்டுத் தலைமை நர்ஸ் இப்போதாவது சிரிக்கிறாளா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ‘ம்’ போதாது.

வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த உறைக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் படம் எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று, உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் திரையில் உன் முகம் தெரியும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய ஷூவை அப்பா வெட்டிவிட்டார். வெட்டச் சொன்னது நான். தப்பு அதற்கும் முன்னாலேயே தொடங்கியது, அதுவும் என்னுடையதுதான்.

இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிற கை, அரிசி அளவு பல்லைக்கூட நேராக வைக்கிற கை, ஆடாது என்ற நம்பிக்கையில்தான் ஐம்பத்து மூன்று வயதில் பிஸ்டல் பிடித்தேன். கை ஆடவில்லை. கால் ஆடியது. பத்து மீட்டர் தள்ளி ஒரு கறுப்பு வட்டம், அதற்கு முன்னால் நீட்டிய கை, கீழே நிற்கத் தெரியாத இரண்டு கால். பக்கத்து வரிசையில் ரைபிள் சுடும் பெண்களைப் பார்ப்பேன். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற உயரமான ஷூ, பலகை மாதிரி அடி. நடந்தால் வாத்து. நின்றால் தூண். எனக்குப் பொறாமை. நீ பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி, அடி தட்டையா, சுடுறவங்க போடுற ஷூ என்று மட்டும் சொன்னேன். பிஸ்டல் என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. நீ லீவு நாளில் மூன்று கடை ஏறி இறங்கி, நான் கேட்டதை அப்படியே வாங்கி அனுப்பினாய்.

போட்டதும் எனக்கு வீடே அசையாமல் நின்ற மாதிரி இருந்தது. மறுநாள் அதோடு பயிற்சிக்குப் போனேன். சொல்லித் தருகிற பெண் உன்னைவிட ஒரு வயது சின்னவள், என்னை அக்கா என்கிறாள். அவள் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அக்கா, இது ரைபிள்காரங்க ஷூ, பிஸ்டலுக்குக் கணுக்கால் எலும்பு வெளியே தெரியணும், வாங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க என்றாள். அன்று சாயங்காலமே நீ போன் செய்து எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். அது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றைச் சொல்லி ஏமாற்றினேன். அவ்வளவுதான்.

பிறகு ஷூவோடு படம் அனுப்பு என்று நீ ஒவ்வொரு வாரமும் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நான் இடுப்புக்கு மேலே எடுத்து அனுப்பினேன். ஏம்மா, நீ என்ன தபால்தலையா, காலே இல்லாம நிக்கிற என்று கேட்டாய். சிரித்தேன். அதற்குள் அப்பா வேலையை முடித்திருந்தார். எலும்பு தெரியணும், அவ்வளவுதானே, அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க என்று கேட்டுவிட்டு, கடையில் கார் சீட் உறைக்குக் குறி போடுகிற சாக்கட்டியால் என் கணுக்காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கத்தியை எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்டிய விளிம்பை மடித்து, உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, இரட்டைத் தையல். பார்த்தால் அப்படியே பிறந்த ஷூ என்றுதான் சொல்வாய். பயிற்சிப் பெண்ணும் மேலே சரி என்றாள். அடியைத்தான் சொல்ல முடியாது அக்கா, வளையலைன்னா போட்டியில ஒத்துக்க மாட்டாங்க, எதுக்கும் இன்னொரு ஜோடி கொண்டு வாங்க என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் அதில் நின்று சுட்டேன். அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பத்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போனது. யாருக்குக் காது கேட்கும்?

போட்டி சனிக்கிழமை மதியம். காலையில் ஒரு பல் செட் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் பட்டறையிலிருந்து நேராகப் போனேன். முதலில் ஒரு மேஜையில் எல்லாப் பொருளையும் சோதிக்கிறார்கள். பிஸ்டலின் கைப்பிடியை நான் என் உள்ளங்கைக்கு அச்செடுத்து, பல் செட் ஈறுக்கு ஊற்றுகிற அதே பொருளில் செய்திருக்கிறேன் அல்லவா, அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் அதை நாலு தடவை திருப்பினார். அது கையைச் சுற்றி வளைக்கவில்லை, மணிக்கட்டைத் தொடவில்லை, விதிக்குள்தான் இருந்தது. என்னம்மா இது, கடிக்காதுல்ல என்றார். இன்னும் பல் வைக்கலை சார் என்றேன். சிரித்துக்கொண்டே சீட்டு ஒட்டினார். என் புதுக் கண்ணாடியும் தேறியது. அதற்கு நான் கை நீட்டி நின்று அளவு கொடுத்ததையும், கண்ணாடிக்கடைக்காரர் பிஸ்டலா என்று ஒரு அடி பின்னால் போனதையும் சொல்லியிருக்கிறேன். பிறகு ஷூ. குதிகாலை ஒரு பிடியில் மாட்டி முன்பக்கத்தை மேலே தூக்கினார். அது அசையவில்லை. இன்னொரு முறை. அசையவில்லை. அம்மா, தையல் பிரமாதம், யார் தச்சது என்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா நான்தான் என்று கை தூக்கினார். ஆனா அடி வளையலையே என்றார் அவர். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா தலையைச் சொறிந்தார்.

மிச்சம் இருந்தது பட்டறைக்குப் போட்டுப் போன பழைய துணி ஷூ. அதைக் கொடுத்தேன். கைக்குட்டை மாதிரி மடிந்தது. உள்ளே இருந்து பல் அச்சு மாவு மேஜையெல்லாம் கொட்டியது. அவர் ஊதிவிட்டு, போங்க என்றார்.

முதல் பத்துக் குண்டு, நூற்றுக்கு எழுபத்தாறு. தரை என் காலுக்குள் ஏறி வந்த மாதிரி இருந்தது. ஐந்நூறு வந்தால்தான் அடுத்த கட்டம். உனக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் நினைத்தேன், இலக்கை நினைக்கவில்லை. பிஸ்டலைக் கீழே வைத்தேன். இந்தக் கால் ஆட்டத்தை நிறுத்தப் பார்த்துத்தான் இரண்டு வருடம் போனது. இதே ஷூவில்தான் தினமும் பட்டறை மேஜைக்கு முன்னால் நிற்கிறேன். அங்கேயும் ஆடத்தான் செய்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. பல் நேராகத்தான் இருந்தது.

விட்டுவிட்டேன். கால் தன் பாட்டுக்கு ஆடியது. பிஸ்டல் நுனியில் இருக்கிற முன்குறியை மட்டும் பார்த்தேன். எண்பத்து மூன்று, எண்பத்தைந்து, எண்பத்து நான்கு, தொண்ணூறு, எண்பத்தேழு. மொத்தம் ஐந்நூற்று ஐந்து. போனில் பாஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேனே, அது இதுதான். அப்பா பக்கத்தில் நின்றவரிடம், என் பொண்டாட்டி, அந்த ரோஸ் கைப்பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷூவைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெட்டிய ஷூவை அவர் தூக்கிப் போடவில்லை. கடையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் ஊசி, ஒன்றில் சாக்கட்டி. உன் பிள்ளை வாங்கிக் கொடுத்ததா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்கிறாராம். திட்டுவதானால் என்னைத் திட்டு. உன் கோபம் அவருக்குச் செரிக்காது, இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

அடுத்த போட்டிக்கு ஏழு வாரம் இருக்கிறது. துணி ஷூவின் வலது பக்கம் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது, தாங்காது. நானே இங்கே வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம். நீயே வாங்கு. இந்தத் தடவை பிஸ்டலுக்கு என்று வாய் திறந்து சொல். கணுக்கால் எலும்பு முழுசாக வெளியே தெரிய வேண்டும். அடி தட்டையாக இருக்க வேண்டும், ஓடுகிறவர்கள் போடும் பஞ்சு அடி வேண்டாம். கடையிலேயே நுனியைப் பிடித்து வளைத்துப் பார், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கிற தாளில் என் இரண்டு பாதமும் இருக்கின்றன. அப்பாதான் பென்சில் பிடித்தார். கூச்சத்தில் நான் துள்ளியதால் இடது சுண்டுவிரல் பக்கம் கோடு கோணல், அதை நம்பாதே.

நோய் நொடி அண்டாமல், நின்ற இடத்தில் மரியாதையோடு நீ நிற்க வேண்டும். நாங்கள் கேட்பது அது ஒன்றுதான். குதிகால் வலிக்கிறது என்று போன மாதம் பேச்சுவாக்கில் சொன்னாய். சொன்னதை மறந்திருப்பாய், அப்பா மறக்கவில்லை. ஷூவுக்குள் வைக்க உனக்கு ஒரு மெத்தை வெட்டப் போகிறாராம். இந்தத் தடவை அளவு வந்த பிறகுதான் கத்தியை எடுப்பேன் என்கிறார்.

தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. உன் பாதத்தை அதில் வரைந்து அனுப்பு. உட்கார்ந்து வரையாதே, பாதம் பொய் சொல்லும். வேலை முடிந்து வந்ததும், நின்றபடி வரை.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா