டிவிக்குப் பின்னால் ஒரு பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எங்கள் எக்ஸ்ரே பிரிவுக்குப் புதுக் கணினிகள் வந்துவிட்டன. கழித்துப்போட்ட பழையதில் ஒன்றைக் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். டிபன் டப்பா அளவுதான் இருக்கிறது. இதை ஹால் டிவியோடு இணைத்துவிட்டால் படம், பாட்டு, பழைய போட்டோக்கள் எல்லாம் ஒரே இடத்தில். "வீட்டுக்கே தியேட்டர் வருது" என்று மனைவியிடம் சொன்னேன்.

உண்மைக் காரணம் மாமனார்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து, தேறும்வரை எங்களோடு இருக்க வந்திருக்கிறார். வந்து மூன்று வாரம். காலையிலிருந்து விவாத நிகழ்ச்சிதான். ஆறு பேர் கத்துகிறார்கள், ஏழாவது ஆள் அடக்குகிறார். ரிமோட் அவர் தொடைக்கு அடியில். கேட்டு வாங்கலாமே? முடியாது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பதினோரு வருஷமாக.

பதிவுத் திருமணத்தன்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எக்ஸ்ரே எடுத்தே குடும்பம் நடத்திருவீங்களா?" அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் சும்மா இருக்காமல், "உங்க லிஃப்ட்ல ஏறி இறங்கறத விட பாதுகாப்புதான்" என்றேன். அதே வாரம் அவர் பொறுப்பில் இருந்த லிஃப்ட் ஒன்று ஏழு பேரோடு நாலு மணி நேரம் நடுவில் நின்றிருக்கிறது. சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் என் மனைவி வழியாகத்தான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும், "இன்னும் சாதம் வேணுமான்னு கேளும்மா" என்பார்.

ஜூன் 5, வியாழன்

பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்து கேபிளைச் செருகினேன். படம் வந்தது. சத்தம் டிவியில் வரவில்லை, பெட்டிக்குள்ளிருந்தே கொசு பாடுவதுபோல் வந்தது. சத்தம் டிவி வழியாகப் போகட்டும் என்று சொல்லும் இடத்தைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணி நேரம்.

அடுத்து, படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. சோதித்துப் பார்க்கப் போட்ட செய்தியில், அடியில் ஓடும் வரி பாதிதான் தெரிந்தது. மாமனார் மகளைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத்தான் கால் சரியில்ல. எழுத்துக்கெல்லாம் என்னம்மா ஆச்சு? ஒண்ணுக்கும் காலைக் காணோம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். டிவியில் பட அளவை மாற்றினேன். எழுத்துக்குக் கால் முளைத்தது.

ஜூன் 7, சனி

விவாதங்களும் இனி இணையம் வழியாக, இந்தப் பெட்டியிலிருந்துதான். அதை இயக்கும் செயலியை என் போனில் போட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

சமையலறையில் நின்றபடி, இருப்பதிலேயே அதிகம் கத்துகிறவர் வாயைத் திறந்த நேரம் பார்த்து நிறுத்தினேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. மாமனார் ரிமோட்டை அழுத்தினார், தட்டினார், பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டார். ஒரு நிமிஷம் கழித்து ஓடவிட்டேன். இப்படி மூன்று தடவை.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. வெட்கமாக இல்லையா? துளிகூட இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஐந்து தடவை.

ஜூன் 10, செவ்வாய்

திரையில் எழுத்தைக் காட்டவும் அந்தச் செயலியில் வழி இருக்கிறது! "ஒலி அதிகம். முழங்காலுக்கு ஆகாது" என்று தட்டி அனுப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். குறைத்தார். "டிவியே என் காலைப் பத்தி விசாரிக்குதும்மா" என்று மகளிடம் சொன்னார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

ஜூன் 12, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

அவர் குளிக்கப் போயிருக்கிறார் என்று ஒரு துப்பறியும் படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். கொலைகாரன் கதவைத் திறக்கிறான் – படம் நின்றது. திரையில் எழுத்து வந்தது:

"மூச்சை அடக்கி, அசையாமல் இருக்கவும்."

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் நான் சொல்லும் வாக்கியம்! திரும்பிப் பார்த்தால் அறை வாசலில் ஊன்றுகோலும் கையுமாக நிற்கிறார். இன்னொரு கையில் போன். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அதே செயலியை அவரும் போட்டிருக்கிறார். கடவுச்சொல் எப்படி? நான் வைத்தது என் மனைவியின் பிறந்த தேதி. அது எனக்கு முன்னாலேயே தெரிந்த ஆள் அவர்தானே.

"அப்பா முதல் நாளே கண்டுபிடிச்சிட்டாரு" என்றாள் இவள். "எவ்வளவு தூரம் போறான்னு பாப்போம்னு சும்மா இருந்தாரு."

அப்படியானால் அந்த "டிவியே விசாரிக்குது"? நடிப்பு. என்னமாய் நடிப்பு!

ஜூன் 15, ஞாயிறு

முழுப் போர். நான் செய்தி போட்டால் அவர் குழந்தைப் பாட்டு போடுகிறார். அவர் விவாதம் போட்டால் நான் மீன் தொட்டியைக் காட்டுகிறேன். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. ஆனால் ஒன்று: இரண்டு பேருமே ஹாலை விட்டு எழுவதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மனைவி நில அளவை வேலையாக வெளியூர் போகிறாள். சனிக்கிழமைதான் வருவாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அதுவரைக்கும் தபால் ஆபீஸ் லீவு. உங்க பாடு, அவர் பாடு."



ஜூன் 18, புதன்

இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது.

சாயங்காலம் பெட்டி கரகரவென்று கத்தியது, சூடாகி நின்றுவிட்டது. இருண்ட டிவி முன்னால் நாங்கள் இரண்டு பேர். அவர் சுவரைப் பார்த்து, "ஃபேன் பேரிங் காஞ்சு போச்சு" என்றார். சுவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தேன்.

"அது இல்ல. சின்னது."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்! பதினோரு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

திறந்தால் உள்ளே கம்பளி மாதிரி தூசி. அவர் துடைத்தார். தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. நான் டார்ச் பிடித்தேன். அவர் குனிந்திருந்தார், என் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். "மாமா, அன்னிக்கு லிஃப்ட் நின்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன்."

தலையைத் தூக்கவில்லை. "டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுங்க."

காட்டினேன்.

"உள்ள மாட்டின ஏழு பேரும் ஒரு வார்த்தை சொல்லல. வெளிய வந்து கையப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான்..." நிறுத்தினார். "தெரியாதுன்னு அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்கதான் பேசவே இல்லையே."

"நீங்க பேசினதே போதும்னு இருந்துச்சு." விசிறியை விரலால் சுண்டினார். சத்தமில்லாமல் சுற்றியது. "அந்த ஸ்க்ரூ பொடிசு. தொலைச்சிடாதீங்க, மாப்பிள்ள."

மாப்பிள்ளையாமே. அந்தப் பூரிப்பில் ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டேன். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடி எடுத்தோம்.

ஜூன் 20, வெள்ளி

பெட்டிக்குக் காற்று வேண்டும், சுவரில் மாட்டணும் என்றார் மாமா. துளையிடும் மெஷினை நான் பிடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அவர் உத்தரவு போட்டார். "இன்னும் கொஞ்சம் உள்ள... இன்னும்..."

"மாமா, போதும்னு நினைக்கிறேன்."

"நாப்பது வருஷம் கான்கிரீட்ல துளை போட்டவன் சொல்றேன்."

இது கான்கிரீட் சுவர் இல்லை. அந்தப் பக்கம் எங்கள் படுக்கையறையில், அவள் தன் கையாலேயே வர்ணம் அடித்த சுவரில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. மாமா அந்தப் பக்கம் போய்க் கண்ணை வைத்துப் பார்த்தார். "ஹால் சோபா நல்லாத் தெரியுது" என்றார்.

சிரித்துச் சிரித்து அவருக்கு முழங்கால் வலித்தது. அப்புறம் இருவருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது. சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினோம்.

ஜூன் 21, சனி

வந்துவிட்டாள். பையோடு படுக்கையறைக்குள் போனவள், "இந்தக் காலண்டர் எப்ப இங்க வந்துச்சு?" என்றாள்.

"ரொம்ப நாளா அங்கதானே இருக்கு" என்றேன்.

"நான் வந்த அன்னிக்கே பாத்தேனேம்மா!" – ஹாலிலிருந்து, யாரும் கேட்காமலே, மாமா.

அவள் வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அங்குலம் பிசகாமல் நிலம் அளக்கிறவள். காலண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை.