எலி வளையும் கறிவேப்பிலை மரமும்

1-6-81 திங்கள்
காலையிலேயே வெக்கை. கோடை அறுப்பு முடிஞ்சது. வரப்புல எலி வளை வெட்டி நெல் எடுக்க எல்லாரும் கிளம்பியாச்சு. தை அறுப்புக்கு செல்வி அப்பாவும் இப்படித்தான் போனார். வளைக்குள் கையை விட்டார். உள்ளே நல்லபாம்பு.

கொழுந்தன் காசி வந்து, "மதினி, செல்விக்குச் சின்னக் கை, வளைக்குள்ள நல்லாப் போகும். அனுப்புங்க."
"ஒங்கண்ணனைக் குடுத்தது பத்தாதா?"
மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனான்.

டீச்சர் செல்வியைக் கல்லுப்பட்டி ஆஸ்டல்ல விடச் சொல்றாங்க. இங்கே அஞ்சாம் வகுப்பு வரைதான். வியாழனுக்குள் பதில். அவளும் போயிட்டா வீட்டில் யாரு?

3-6-81 புதன்
நானே வெட்டப் போனேன். மூணாவது வளையில் கதிர் நிறைய. அடியில் ஆறு குஞ்சு, கண் திறக்கலை. தாய் எலி ஓடலை. ஒண்ணொண்ணா கவ்விக்கொண்டு போய் அடுத்த வரப்பில் வச்சிட்டு, மறுபடி என் காலடிக்கே வருது. மம்பட்டியைப் போட்டுட்டேன்.
பக்கத்து வீட்டு மாரி, "என்னடி, எலிக்குப் பேறுகாலம் பாக்குறியா?" அம்புட்டுப் பேரும் சிரிப்பு. கதிர் எடுக்கலை.

எலியே இம்புட்டுச் செய்யுது. நான் பிள்ளையை அனுப்புறதா?

சாயங்காலம் வீட்டுக் கறிவேப்பிலையில் கருப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி. முட்டை வச்சது, பறந்தது. "பெத்துப் போட்டுட்டு ஓடுது பாரு"ன்னேன். செல்விக்குக் கோபம். "சும்மா போடலைம்மா. நல்லாப் பாரு."

4-6-81 வியாழன்
பள்ளிக்கூடம் போகக் கால் வரலை. மரத்தடியில் உட்கார்ந்தேன். பூச்சி வந்தது. முருங்கை இலையைக் காலால் தட்டிப் பார்த்தது. வேண்டாம். மருதாணி, வேம்பு. வேண்டாம். கறிவேப்பிலைக் கொழுந்துல ஒரே ஒரு முட்டை, கசகசா அளவு. எலி மாதிரி கவ்வ அதுக்கு ஏது பல்லு? எதைத் தின்னா பிழைக்கும்னு மட்டும் தெரியுது. திட்டினது தப்பு.

மத்தியானம் டீச்சர்கிட்ட சரின்னு சொன்னேன். காசி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

வேண்டியது: தட்டு, டம்ளர், பாய், பாவாடை சட்டை 2, சோப்பு.

8-6-81 திங்கள்
தூறல். ஆஸ்டல் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பார்த்தேன், உப்பு இல்லை. குழம்பை உள்ளங்கையில் வாங்கி நக்கினேன். பிள்ளைகள் படுக்குற இடத்தில் சுவரோரம் தடவிப் பார்த்தேன். ஒரு ஓட்டையும் இல்லை.

வார்டனம்மா சிரிக்கிறாங்க. "என்னம்மா, மாப்பிள்ளை வீடு பாக்குற மாதிரி பாக்குற?"

செல்வி அழலை. மூணு பஸ்ஸை விட்டேன். நாலாவதில் ஏறினேன்.