சாச்சியின் எஞ்சினை இறக்கிவிட்டோம், மச்சான்

என் உயிர் மச்சான் மஜீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கும் மையவாடிக்கு வந்து உன் தலைமாட்டில் நின்றே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். வந்தேன்தான். யாஸீன் ஓதினேன், துஆக் கேட்டேன். ஆனால் பக்கத்துக் கபுறுகளில் ஆட்கள் நிற்கும்போது எஞ்சின் கதை கதைக்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். ஊரும் வாசித்துவிட்டுப் போகட்டும்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாச்சியின் எஞ்சினை இறக்கிவிட்டோம். "நான் மௌத்தானாலும் இந்த எஞ்சின் கீழ எறங்காது" என்று நடுமுற்றத்தில் நின்று கத்தினாயே, அதே எஞ்சின்தான். கோபப்படாதே. முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு கோபப்படு.

உன்னை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாச்சி என்றால் எங்கள் பேச்சில் சின்னம்மா, ஆனால் இந்தச் சாச்சி ஆள் இல்லை. இங்கிலாந்தில் செய்த பழைய பிக்கப் வண்டி, மஜீதின் வாப்பா வாங்கியது. உருண்டை முகம், பலகை அடித்த பின்தட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுழற்றினால்தான் உயிர் வரும். விருந்துக்கு வந்த சாச்சியைப் போல, கிளம்பச் சொன்னால் உடனே கிளம்பாது. இருமும், செருமும், கொஞ்ச நேரம் குந்தியிருந்து யோசிக்கும். நீதான் அந்தப் பெயரை வைத்தாய். உன் சொந்தச் சாச்சி அதற்காக உன்னோடு எத்தனை நாள் கதைக்காமல் இருந்தா, ஞாபகம் இருக்கிறதா?

நம் இருவருக்கும் நடுவில் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. நான் டிங்கர் வேலைக்காரன், தகரமும் பெயின்ற்றும் என் பங்கு. எஞ்சினும் வண்டியின் அடிப்பக்கமும் உன் பங்கு. நான் பானெட்டைத் திறந்தால் நீ முறைப்பாய், நீ தூரிகையைத் தொட்டால் நான் கத்துவேன். நம் ஊர் கல்முனைக்குடியில் எத்தனையோ பேர் காணிக்காகச் சண்டை பிடித்தார்கள், நாம் ஒரு வண்டியின் மேலுக்கும் கீழுக்கும் எல்லை போட்டுக்கொண்டு சண்டை பிடித்தோம்.

பெரிய சண்டை எஞ்சின் பற்றித்தான். ஜப்பான் வான் ஒன்றின் டீசல் எஞ்சினைப் போடு, சாச்சி குமரிப்பிள்ளையாக ஓடும் என்று நான் வருடக்கணக்காகச் சொன்னேன். "ஆதியில வந்தது அப்படியே கிடக்கணும். உனக்கு மூளைய மாத்தினா அது இஸ்மாயிலா?" என்று கேட்டாய். விளக்கை மாற்றி பற்றரியைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கவே உன்னிடம் எவ்வளவு மன்றாட வேண்டியிருந்தது! கடைசியில் சம்மதித்தாய். அதுவும் இரவில் உனக்கே வரம்பு தெரியாமல் வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிய பிறகுதான்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது.

அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னமும் முடியவில்லை. உன் உம்மாவை அடக்கிவிட்டு வந்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டும் இருந்தன. வண்டி மாத்திரம் வேலியோரத்து மணலில் கழுத்துவரை புதைந்து, எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நீ அழவில்லை. மண்வெட்டியை எடுத்தாய்.

அதைத் தோண்டி எடுத்த பிறகு, உப்பு ஏறினால் இரும்பு போய்விடும், கழுவ வேண்டும் என்றாய். உன் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டாய். அதைப் பார்த்து எங்கள் தெருவே திரண்டது. சொந்த வீட்டைத் தேடிக்கொண்டிருந்த சனம், அவரவர் கிணற்றிலிருந்து ஆளுக்கொரு வாளி சுமந்து வந்து ஊற்றியது. ஒரு வண்டியையாவது காப்பாற்றுவோம் என்ற வெறி எங்கள் எல்லோருக்கும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். எஞ்சினைத் திறந்து உள்ளேயும் ஊற்றினோம், நாள்கணக்காக ஊற்றினோம். கழுவக் கழுவத் துரு இன்னும் சிவந்துகொண்டே வந்தது.

பக்கத்துத் தமிழ் ஊரான சொறிக்கல்முனையிலிருந்து யோகன் உழவு மெஷினில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தான். நாட்டுச் சண்டைக் காலத்தில் நாம் அங்கே போக முடியாமல், அவன் இங்கே வர முடியாமல் இருந்த வருடங்கள் போக, மற்ற நாளெல்லாம் வெல்டிங் வேலைக்கு நமக்கு இருந்த ஒரே ஆள் அவன்தான்; நம்மை அண்ணன் முறை வைத்து ‘காக்கா’ என்பான். வண்டியைச் சுற்றி வந்தான், வாளிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தான், துப்பினான்.

"மஜீத் காக்கா, என்ன வேல பாக்கிறீங்க? இது கடல் தண்ணியெல்லோ!"

கிணறு எல்லாவற்றுக்குள்ளும் கடல் இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னதால் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தோம். "குடிக்க வேணாமெண்டுதானே சொன்னான், கழுவ வேணாமெண்டு சொன்னானா?" என்று நீ அந்த நேரத்திலும் வாதாடினாய். கடல் வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். நீயும் சிரித்தாய், அந்தச் சிரிப்பிலேயே அழத் தொடங்கி, உம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுதாய்.

யோகன் சாச்சியை உழவு மெஷினில் கட்டி இழுத்துப்போய், எஞ்சினைக் கழற்றித் தன் ஊர் வாய்க்காலின் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டான். நீ அங்கேயே கிடந்து ஒவ்வொரு துண்டாகத் தேய்த்து மறுபடி பூட்டினாய். நானும் அங்கே வந்து தகரத்தை வெட்டி ஒட்டிப் பச்சை பூசினேன். சாச்சி எழும்பினாள். ஆனால் உப்பு போனபாடில்லை. எஞ்சினின் உட்சுவரைத் துரு மெல்ல மெல்லத் தின்றது. அதன்பிறகு எந்தப் பயணத்திலும், சொறிக்கல்முனை றோட்டில் வாய்க்கால் பாலத்தை ஒட்டிய மருதமரத்தடிக்கு வருவதற்குள் அவளுக்குக் கொதித்துவிடும். இறங்குவாய், சூடு ஆறும்வரை வேரில் குந்தியிருப்பாய், கேனில் கொண்டுவந்த தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றுவாய். "எஞ்சின மாத்துடா" என்பேன். "மரத்தடியில கொஞ்சம் இரிக்கிறதுல உனக்கு என்ன நட்டம்?" என்பாய்.

நாட்டில் நடந்த சண்டை முடிந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று நீ வெடி கொளுத்தவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. நேரே உள்ளே போய் உன் பெண்சாதி, என் தங்கச்சி ஹாஜறாவிடம், "புள்ள, உன்ட வயலுக்குப் போவமா?" என்று கேட்டாய். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வயல், மருதமரத்துக்கு அப்பால் உள்வட்டை வயல்வெளியில், சண்டையால் போக முடியாமல் எத்தனையோ வருடம் பற்றைக்காடு மண்டிக் கிடந்தது. நீ வெட்டி, கொளுத்தி, வரம்பு கட்டி, மாரி மழையோடு விதைத்தாய். முதல் வெள்ளாமை சாச்சியில்தான் வீட்டுக்கு வரும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாய். விதைத்த நெல் முளைத்ததைப் பார்த்தாய். அந்தக் கிழமையே, சுபஹுத் தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழும்பவில்லை.

இவ்வளவு அவசரமாகவா போவாய், மச்சான்?

ஹாஜறா இத்தாவில், புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய தனிமையில், இருந்தாள். முற்றத்துக்கும் வர முடியாமல் அறைக்குள் அவள் இருந்த அந்த மாதங்களில், வயலில் நெல் வளர்ந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதவோரம் நின்று சொல்வேன்: பயிர் கிளைத்துவிட்டது, கதிர் வந்துவிட்டது, பால் பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"சாச்சி ஓடுமா காக்கா?"

ஓடாது. நீ போன பிறகு நான் ஹேண்டிலைப் போட்டுப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம், துருத் தின்ற எஞ்சின் உள்ளே வெடித்துப்போயிருந்தது. வேறு வாகனம் பிடித்து நெல்லை ஏற்றலாம் என்றேன். "அவர் சொன்னது சாச்சில" என்றாள். அப்படியென்றால் டீசல் எஞ்சின் போட வேண்டும், வேறு வழி இல்லை என்றேன். அதற்கு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"இத்தா முடியட்டும். நான் முத்தத்துக்கு வந்து, அத ஒருக்காக் கண்ணால பாத்த பொறவு கழட்டுங்க. அதுவரைக்கும் அவர்ர எஞ்சின்ல கை வைக்க வேணாம்."

ஜப்பான் வான் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, கொட்டிலில் படங்குச் சீலையால் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இத்தாவும் நெல்லும் ஒன்றாக முடிவுக்கு வந்தன. ஹாஜறா வெளியே வந்தபோது கதிர் மஞ்சளாகி, வெட்டுக்காரர் வந்துவிட்டார்கள்.

யோகன் விடியவே வந்தான். எஞ்சினைத் தூக்க மாமரக் கொப்பில் செயின் புளொக் கட்டினோம். ஹாஜறா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, பானெட்டுக்குள் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். ஏதோ ஓதினாள் போல. பிறகு தலையை ஆட்டிவிட்டு விலகினாள். உன் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வெற்றியாக இல்லை. உன் மையித்தை அடக்கத் தூக்கிப்போன நாள்தான் ஞாபகம் வந்தது.

இனி வெட்ட வேண்டும். பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த தாங்கிகளை அறுத்தெறிந்துவிட்டு, புது எஞ்சின் அளவுக்குப் புதுத் தாங்கிகளைச் சேசிஸ் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அறுத்துவிட்டால் உன் எஞ்சினுக்கு அந்த வண்டியில் பிறகு இடமே இல்லை. நான் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். யோகன் என் கையைப் பிடித்தான்.

"அத வைங்க காக்கா. வெட்ட ஒண்டும் இல்ல. துணியால ஒருக்காத் தொடச்சுப் பாருங்க."

குனிந்து கிறீஸைத் துடைத்தேன். உன் பழைய தாங்கிகளுக்குப் பக்கத்திலேயே, புதிதாக ஒட்டிக் கறுப்புப் பெயின்ற் பூசிய வேறு தாங்கிகள் இருந்தன. பெயின்ற் பூசிய இலட்சணத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது உன் கைதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து மெல்ல இறக்கினோம். துளைக்குத் துளை சரியாக வந்து உட்கார்ந்தது. நான் வருடக்கணக்காகக் கத்திய அதே எஞ்சினின் அளவு!

"பெருநாள் முடிஞ்ச கையோட வந்து நிண்டு செய்விச்சவர்" என்றான் யோகன். "உங்களுக்கிட்டச் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

"ஏன்டா?"

"‘இஸ்மாயில் அறிஞ்சானெண்டா ஊர் முழுக்கப் பெருமையடிப்பான். வெள்ளாமை வெட்டுக்குள்ள நானே சொல்றன், பொறகு அவன்ட மூஞ்சப் பாக்கணும்’ எண்டார்."

ஹாஜறா சிரித்தாள். உன் மௌத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. "என்னட்டயும் சொல்லல்ல, பாத்தீங்களா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பிறகு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நான் அடிப்பக்கம் குனிந்து பார்க்க மாட்டேன் என்ற துணிச்சலில்தானே அங்கே ஒளித்தாய்? நம் பாகப்பிரிவினையை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன் மூஞ்சிக்கு நேரே துள்ளியிருப்பேன். உன் முகத்தை நீ எங்கே கொண்டுபோய் வைத்திருப்பாய் என்று பார்த்திருப்பேன். அந்தச் சந்தோசத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். இன்னொன்றும் கவனித்தேன். புதியதை ஒட்டிய நீ, பழைய தாங்கிகளில் ஒன்றைக்கூட அறுக்கவில்லை. தோற்றவன் முழுதாகத் தோற்கவில்லை, அப்படித்தானே?

சாச்சி இப்போது தட்டியதும் கிளம்புகிறாள். சத்தம்தான் வேறு, அது எனக்கும் பிடிக்கவில்லை. வெட்டு முடிந்ததும், களத்தில் சூடடித்த நெல்லை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு பின்னேரம் அஸருக்குப் பிறகு திரும்பினோம். நான் ஓட்டினேன், ஹாஜறா பக்கத்தில் இருந்தாள். மருதமரத்தடி வந்ததும் என் கால் தானாகப் பிறேக்கை மிதித்துவிட்டது. வண்டி கொதிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கியரைப் போடப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். ஹாஜறா மடியில் உன் தண்ணீர்க் கேனை வைத்திருந்தாள். வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"தண்ணி தேவல்ல புள்ள" என்றேன்.

"தெரியும் காக்கா. கொஞ்சம் இரிப்பம்."

இறங்கி வேரில் குந்தினோம். கேன் தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சம் குடித்தோம். நீ வழக்கமாக எழும்புகிற அளவு நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்பினோம். மரத்தடியில் கொஞ்சம் இருப்பதில் ஒரு நட்டமும் இல்லை மச்சான். நீ சொன்னது சரி.

உன் எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் பூசி, கொட்டிலில் பலகைமேல் வைத்திருக்கிறேன். அதைக் கழுவ வேண்டி வந்தால் வாயில் வைத்துப் பார்த்த தண்ணீரால்தான் கழுவுவேன். உன் பழைய தாங்கிகளை நானும் அறுக்க மாட்டேன், வேறு எவனையும் அறுக்க விடவும் மாட்டேன். நான் ஓட்டும் காலம்வரை சாச்சி அந்த மரத்தடியில் நின்றுதான் வரும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னிடம் ஒரு தடவை வென்றும், அதைச் சொல்லிக்காட்ட நீ இல்லாமல் நிற்கும்
உன் மச்சான்,
டிங்கர் இஸ்மாயில்