சிவப்புக் களிமண்

சின்னவளுக்கு,

எழுந்தேன், குளித்தேன், பால் காய்ச்சினேன். உன் பங்கை மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீ அறுத்த சோப்பு அச்சு அசலாக உன் அக்கா போட்டுவந்த சிவப்பு. அந்த நிறம் வர நான் பீட்ரூட் சாறு ஊற்றினேன். காஸ்டிக் சோடா பட்டதும் பழுப்பாகிவிட்டது. உனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், எனக்கு இல்லை. வயிறு எரிகிறது.

மாலையில் உங்கள் பெரியம்மா வருகிறார். ஆஸ்பத்திரியில் அக்கா கடைசியாக, "அத்தானைப் பார்த்துக்கோ" என்றதாக என்னிடம் சொன்னாயே, அதை அவரிடமும் சொல்லாதே. நான் டீ வாங்கப் போயிருந்தபோது அவள் உன்னிடம் உண்மையில் பேசியதை நர்ஸ் சொல்லிவிட்டார்.

பி.கு.: இரக்கப்பட்டு எனக்காக எதையும் இட்டுக்கட்ட வேண்டாம். அவள் சொன்னதையே சொல்: "சிவப்புக் களிமண்ணை முதல்ல எண்ணெயில கரைடி, இல்லேன்னா சோப்புல கட்டி கட்டியா நிக்கும்."